பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள், கேட்க வேண்டியது நாம்

பள்ளிகளில் நடத்தும் 'குட் டச், பேட் டச்' வகுப்புகளைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்தது இது. கொஞ்சம் நீளம். ஆசிரியர்களும் பெற்றோரும் பொறுமையாகப் படியுங்கள்.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி, மாணவிகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கிய வழக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். முகாம் நடத்தியவனைத் திட்டித் தீர்த்தோம், சரிதான். ஆனால் அந்தச் செய்தியில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு வரி. பிள்ளைகள் பள்ளியிலேயே சொல்லியிருக்கிறார்கள். வெளியே சொல்லாதே, பெரிதுபடுத்தாதே என்று அடக்கிவிட்டார்கள் என்றது போலீஸ். பள்ளி முதல்வரும் தாளாளரும் கைதானார்கள்.

நம் வகுப்புகளில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருகிறோம்? "வேண்டாம்னு கத்து, அங்கிருந்து ஓடு, நம்பிக்கையான பெரியவங்ககிட்ட சொல்லு." அந்தப் பிள்ளைகள் சொன்னார்கள். பாடத்தில் தோற்றது பெரியவர்கள்.

இந்த வகுப்புகளே வீண் என்று சொல்ல வரவில்லை. 2015இல், ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 24 ஆய்வுகளை, மொத்தம் 5,802 பிள்ளைகளை வைத்து ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. பெரும்பாலும் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் நடந்த ஆய்வுகள். இந்த வகுப்புகளில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு விஷயம் புரிகிறது, ஆறு மாதம் வரை மறப்பதில்லை, பயமும் கூடுவதில்லை என்று அதில் தெரிந்தது. "சின்னப் பிள்ளைகிட்ட இதையெல்லாம் பேசிப் பயமுறுத்தலாமா" என்று கேட்கும் பெற்றோருக்கு இது போதும். தனக்கு நடந்ததை வெளியே சொன்ன பிள்ளைகள், வகுப்பில் உட்காராத பக்கம் ஆயிரத்துக்கு 4 பேர் என்றால் உட்கார்ந்த பக்கம் 14 பேர். ஆனால் குற்றமே குறைந்ததா என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை.

அதாவது, வகுப்பு எடுத்தால் பிள்ளை வாய் திறக்கும். அதற்கு மேல் நடக்க வேண்டியதெல்லாம் நம் கையில்தான் இருக்கிறது.

நான் அரசுப் பள்ளியில் ஆசிரியை. வெளியிலிருந்து ஆள் வந்து நடத்தும் கூட்டங்கள் பல பார்த்தாயிற்று. ஆறாம் வகுப்பிலிருந்து எல்லோரையும் ஹாலில் உட்கார வைப்பார்கள். சில பள்ளிகளில் பையன்களை கிரவுண்டுக்கு அனுப்பிவிடுவார்கள், இது பொம்பளப் பிள்ளைகள் சமாச்சாரமாம். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளைக் கேட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒரு விதப் பாலியல் சீண்டலுக்கு ஆளானவர்கள் 53 சதவீதத்துக்கு மேல். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் ஆண்பிள்ளைகள். அந்தப் பையன்களைத்தான் பந்து விளையாட அனுப்புகிறோம். அப்புறம் ஒரு மணி நேரம் படம் ஓடும், "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது மிஸ்" என்று ஒரே குரலில் பதில் வரும், போட்டோ எடுத்து குரூப்பில் போட்டதும் கூட்டம் முடிந்துவிடும்.

அந்தப் படத்தில் வருகிற கெட்டவன் பெரும்பாலும் யாரோ ஒரு முரட்டு மீசைக்காரன். நிஜத்தில்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பாருங்கள். சிறார் மீதான பாலியல் வல்லுறவு வழக்குகளில் 100க்கு 90க்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்தவர். மாமா, பக்கத்து வீட்டுத் தாத்தா, வேன் டிரைவர், டியூஷன் சார். 'பெரியவங்க சொன்னா கேட்கணும்' என்று நாமே வளர்த்த பிள்ளை அவர் முன்னால் எப்படிக் கத்தும்? பல பிள்ளைகள் அப்படியே உறைந்துபோய் நின்றுவிடும். கத்தச் சொல்லித் தந்த நாம், "உன்னால கத்த முடியலைன்னாலும் அது உன் தப்பு இல்லை" என்பதையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். இல்லாவிட்டால் கத்தாத பிள்ளை தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டு ஊமையாகிவிடும்.

என் நான்காம் வகுப்பில் ஒரு பயிற்சி செய்வேன். தாளில் கையை வைத்து வரைந்து, பயமாக இருந்தால் யாரிடம் சொல்வாய் என்று விரலுக்கு ஒரு பெயர் எழுத வேண்டும். அம்மா, பாட்டி, அக்கா என்று வரும். ஒரு முறை தாள்களைப் புரட்டும்போது பல கைகளில் ஒரே பெயர் இருந்தது. சத்துணவு ஆயா. ஆசிரியர்கள் பெயர் அரிதாகத்தான் இருந்தது. யோசித்தால் ஆச்சரியமே இல்லை. யார் சாப்பிடவில்லை, யார் முகம் வாடியிருக்கிறது என்று தினமும் பார்ப்பவர் அவர்தான். பிள்ளை அழுதால் முந்தானையால் துடைத்துவிடுபவரும் அவர்தான். ஆனால் எந்தப் பயிற்சிக்கும் அந்த அம்மாவை யாரும் கூப்பிட்டதில்லை. நாளைக்கு ஒரு பிள்ளை அவரிடம் போய்ச் சொன்னால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறோம்?

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிள்ளை பேசும்போது குறுக்கே பேசக்கூடாது. "ஏன் முன்னாடியே சொல்லல", "நீ ஏன் அங்க போன" என்ற இரண்டு கேள்விகளும் வாயிலிருந்து வரவே கூடாது. "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பே இல்லை" என்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யக்கூடாது, ஏனென்றால் சொல்லியே ஆக வேண்டும். திரும்பத் திரும்ப விசாரித்துக் கிளறக்கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரை வரவழைத்துப் பிள்ளை முன்னால் நிறுத்தவே கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்க வேண்டும்.

சட்டமும் இதையே சொல்கிறது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, குற்றம் நடந்தது யாருக்குத் தெரிந்தாலும் அவர் தகவல் கொடுத்தாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது. பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்க போலீஸ் சீருடையில் வரக்கூடாது, வீட்டிலேயே வாங்கலாம், இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. இதெல்லாம் ஆசிரியர்களிலேயே பலருக்குத் தெரியாது. "போலீஸ் கேஸுன்னு அலைய வேண்டி வரும், பள்ளி பேர் கெட்டுடும்" என்ற பயம்தான் பல தலைமை ஆசிரியர்களின் வாயைக் கட்டுகிறது. பள்ளியின் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு பிள்ளையின் வாழ்க்கையைப் பணயம் வைப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தமிழ்நாட்டு அரசு 2021க்குப் பிறகு சில நல்ல காரியங்கள் செய்திருக்கிறது. பிள்ளைகள் புகார் எழுதிப் போடப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி வைத்தார்கள், 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 ஆகிய உதவி எண்களைப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் பெட்டியைத் திறந்து வாசிப்பவருக்கும் பயிற்சி வேண்டும். தலைமை ஆசிரியர் அறை வாசலிலேயே பெட்டியை மாட்டினால் எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்?

அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளியில் இந்த வகுப்பு நடந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவிலோ பெற்றோர் கூட்டத்திலோ எழுந்து கேளுங்கள். ஆசிரியர்களுக்கு இந்தப் பயிற்சி எப்போது நடந்தது? ஆயா, வாட்ச்மேன், வேன் டிரைவர், கிளார்க் உட்கார்ந்தார்களா? ஒரு பிள்ளை புகார் சொன்னால் அன்றைக்கே யார் 1098க்கு அழைப்பார், அவர் பெயர் என்ன? அவர் லீவில் இருந்தால் யார்? பதில் வரும்வரை உட்காராதீர்கள்.