வெட்டே தப்பு, இதற்குத் திறப்பு விழா வேறு

மலேசியாவில் இருக்கிற எங்கள் ஊர்ப் பூங்காவில், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்ணுக்கு ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இத்தனை வருஷமாக இந்த ஊரில் கலை என்றால் சாலை வட்டத்தில் ஒரு செம்பருத்திப் பூ, திடல் ஓரத்தில் கண்ணைக் கூசும் எல்.இ.டி. தென்னை மரம், அவ்வளவுதான். தோட்டத்து ஆட்களின் உழைப்பில் முளைத்த ஊரில் தோட்டத்துப் பெண்ணுக்கும் ஓர் இடம் கிடைத்ததே என்று எனக்கும் ஆரம்பத்தில் சந்தோஷம்தான். நன்றி சொல்லியாயிற்று. இனி வயிற்றெரிச்சல்.

கிட்டப் போய்ப் பாருங்கள். ஃபைபர் கிளாஸ் உடம்பு, மேலே பளபளவென்று பெயிண்ட். கரை வைத்த சேலை, தலையில் பூ, உதட்டில் சாயம், முகத்தில் ஒரு விளம்பரச் சிரிப்பு. விடிவதற்கு முன்னால் எழுந்து பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடியவர்களில் யார் ஐயா சேலையும் பூவுமாகக் காட்டுக்குள் போனார்கள்? முழுக்கைச் சட்டை, பழைய கைலி, தலையில் துண்டு, நெற்றியில் விளக்கு, இடுப்பில் புகைகிற கொசுவத்தி, உடம்பெல்லாம் பால் கறை, பக்கத்தில் வந்தாலே மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலின் வாடை. நாங்கள் பார்த்து வளர்ந்தது அந்த உருவத்தைத்தான். சரி, அழகுக்காகச் செய்தார்கள் என்று அதை விட்டுவிடலாம். மரத்தைப் பாருங்கள். வெட்டு வலப்பக்கம் மேலே ஆரம்பித்து இடப்பக்கம் கீழே இறங்குகிறது. பால் பிடிக்கிற மங்கு, அதாவது கிண்ணம், கட்டியிருப்பதோ மேல் முனையில்! எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஒரு பாட்டி இருக்கிறார், கல்யாணம் ஆன நாளிலிருந்து தோட்டம் மூடுகிற வரைக்கும் பால் வெட்டியவர். சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, இவ வெட்டுற பாலு மங்குலயா விழும், மண்ணுலயா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டைக்குள் இருக்கிற பால் குழாய்கள் நேர்செங்குத்தாக ஓடுவதில்லை, லேசாகச் சாய்ந்து ஓடும். அதனால் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்குகிற மாதிரி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடுதலாக வடியும். தோட்டத்தில் பிறந்த பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் இது. இந்த ஊரில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் பக்கத்து மேசையில் பால் வெட்டியவர் ஒருவராவது இருப்பார். ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துக் கேட்டிருந்தால் காகிதத்தில் கோடு போட்டே காட்டியிருப்பார். கேட்கவில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை. என் கோபம் சிலை மேல் இல்லை, இந்தக் கேட்காத புத்தி மேல்.

எப்படி நடக்கிறது தெரியுமா? வருஷக் கடைசியில் நகராட்சி மன்றத்தின் அழகுபடுத்தும் கணக்கில் காசு மிச்சம் இருக்கும், அதைச் செலவழித்தாக வேண்டும். செபுட் ஹர்கா, அதாவது விலைப்புள்ளி, கூப்பிடுவார்கள். பட்டியலில் பெஞ்சு இத்தனை, விளக்குக் கம்பம் இத்தனை, நடைபாதைக் கல் இத்தனை, அதற்குக் கீழே சிலை ஒன்று. குத்தகையாளர் கையில் ஏற்கனவே ஒரு படப் புத்தகம் இருக்கும்: டால்பின், மான், டுரியான், மங்குஸ்தீன், விவசாயி. எந்த ஊருக்கு எது பொருந்தும் என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார். எங்கள் பால் வெட்டும் பெண்ணும் வேறொரு ஊருக்குச் செய்த நாற்று நடும் பெண்ணாகத்தான் இருந்திருப்பாள், கையில் உளியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்பது என் சந்தேகம். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள முகப்பிடத்துக்குப் போனால், இது அந்தப் பிரிவு இல்லை, மாடிக்குப் போங்கள் என்றார்கள். மாடியில், கோப்பு பொறியியல் பிரிவில் இருக்கிறது என்றார்கள். பொறியியல் பிரிவில் இருந்த தம்பி ரொம்ப மரியாதையாக, "அண்ணே, டிசைன் அப்படித்தான் வந்துச்சு" என்றார். என்ன விலை என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. யார் செய்தது என்ற கேள்விக்கும் இல்லை. கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் முழ நீளத்துக்கு இருக்கிறது, செய்தவர் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

இதே கூத்துதான் மார்க்கெட் பின்சந்தில் இருக்கிற சுவரோவியமும். 2012இல் பினாங்கு ஜார்ஜ் டவுனில், லெபோ ஆர்மீனியனில், எர்னஸ்ட் ஸகாரெவிச் என்ற லித்துவேனியா நாட்டு ஓவியர் ஒரு படம் வரைந்தார். சுவரில் இரண்டு பிள்ளைகள், முன்னால் நிஜமான ஒரு பழைய சைக்கிள். அது பிரபலமானதும் பிரபலமானது, நாட்டில் உள்ள பட்டணம் முழுக்க சைக்கிள் பிள்ளைகள் முளைத்துவிட்டார்கள். எங்கள் ஊரிலும் ஒரு நகல். முகம் வீங்கின மாதிரி இரண்டு பிள்ளைகள். சுவரில் அடித்த சைக்கிளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், இப்போது இரண்டு துருப்பிடித்த போல்ட்டைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் அந்தரத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

இதில்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. சைக்கிள் படம்தான் வேண்டும் என்றால் நம்மிடம் இல்லாத சைக்கிள் கதையா? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளில், சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும், பெண்களிடம் வாலாட்டக் கூடாது என்பவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரை வந்தாலும் கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) வந்தாலும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்று அனுமதிக்க வேண்டும்! தன் காசில் வாங்கிய சைக்கிளில் உட்கார்ந்து போவதற்குப் போராட்டம். அதற்குப் பதிலாக ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள், முன்னின்ற ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். துரையின் கார் எதிரில் வர, சைக்கிளை விட்டு இறங்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு போகிற ஒரு தொழிலாளியை அந்தச் சந்துச் சுவரில் வரைந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கலாம். நம்மிடம் தங்கமாய் இப்படி ஒரு கதை கிடக்க, அடுத்த ஊர்ப் படத்துக்கு நகல் எடுத்து ஒட்டியிருக்கிறோம்.

பினாங்கைப் பார்த்துச் செய்தோம் என்பார்கள். பினாங்கை ஒழுங்காகப் பார்த்தால்தானே? அங்கே சுவரோவியத்துக்கு முன்பே இரும்புக் கம்பியில் வளைத்த கேலிச் சித்திரங்களைத் தெருத்தெருவாக வைத்தார்கள். மாநில அரசு 2009இல் போட்டி நடத்தி, அதில் ஜெயித்த யோசனையைத்தான் செயல்படுத்தினார்கள். அந்த யோசனையே அந்தந்தத் தெரு மக்களின் கதையை அந்தந்தத் தெருவில் சொல்வதுதான். உலகப் புகழ் பெற்ற காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் கற்றுக்கொண்ட தெருவில் அவருக்கு ஒன்று இருக்கிறது. போட்டி, தேர்வு, இடத்துக்கு ஏற்ற கதை. நாம் அங்கிருந்து எடுத்துக்கொண்டதோ சைக்கிளை மட்டும்.

அதிகாரிகளுக்குக் கலை பற்றி முடிவெடுக்கத் தெரியாது, மெதுவாகத்தான் நடக்கும் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அதெல்லாம் நல்லாவே தெரியும். அதே ஸகாரெவிச் 2013இல் ஜொகூர் பாருவில் ஒரு படம் வரைந்தார். லெகோ பொம்மைப் பெண் ஒருத்தி கைப்பையோடு வருகிறாள், சுவர் திரும்பும் மூலையில் கத்தியோடு ஒரு லெகோ திருடன். ஊரில் வழிப்பறி இருக்கிறது என்று சொன்ன படம். மாநகர் மன்றம் வெள்ளையடித்துவிட்டது. உண்மையைச் சொல்கிற படத்தை அழிக்க ஆள், பெயிண்ட், ஏணி எல்லாம் சட்டென்று கிடைக்கிறது. எங்கள் ஊர்ச் சைக்கிள் சுவரில் பாசி பிடித்துக் கிடக்கிறதே, அதைக் கழுவ மட்டும் ஆள் இல்லை.

பராமரிப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது, பூங்காவில் இருக்கிற நீரூற்று. கட்டியதிலிருந்து தண்ணீர் பீய்ச்சிய நாளை விட மோட்டார் கெட்டுக் கிடந்த நாள்தான் அதிகம். இப்போது மழைத் தண்ணீர் தேங்கி, உள்ளே கொசுப்புழு நெளிகிறது. நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டில் புழு இருந்தால் 500 ரிங்கிட் அபராதம். ஊருக்கு நடுவில் இவ்வளவு பெரிய தொட்டியில் வளர்த்தால் அது நகர அழகா? எல்.இ.டி. தென்னையிலும் பாதி மட்டை எரிவதில்லை. வாங்குவதற்குக் காசு ஒதுக்குகிறவர்கள் வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள ஒரு காசும் ஒதுக்குவதில்லை. பழுது பார்த்ததற்கு யாராவது ரிப்பன் வெட்டுவார்களா?

காசு இல்லை என்ற பாட்டையும் பாடாதீர்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டு வரி கட்டுகிறோம். அது போகட்டும், நம் ஊரைச் சுற்றி என்ன நடக்கிறது? கித்தாக் காடு (ரப்பர் தோட்டம்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது, இப்போது செம்பனையும் போய்த் தாமான் வருகிறது. லயத்தை இடித்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையை இடித்து, இரண்டு மாடி வீடு கட்டி, விளம்பரப் பலகையில் நாலு லட்சம், ஐந்து லட்சம் என்று போடுகிறார்கள். அந்தக் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்றைக் கலைக்கு ஒதுக்கு என்று கேட்டால் என்ன குடி முழுகிப் போகும்? இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரம் 1959லேயே இப்படி ஒரு விழுக்காட்டு விதியைக் கொண்டுவந்தது. தைவானில் 1992 சட்டப்படி அரசுக் கட்டடங்களின் செலவில் குறைந்தது 1 விழுக்காடு கலைக்குப் போக வேண்டும். தென் கொரியா 1995இல் பெரிய தனியார் கட்டடங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது.

உடனே அங்கெல்லாம் எல்லாம் சுத்தம் என்று நினைக்காதீர்கள். கொரியாவில் தரகர்கள் புகுந்தார்கள், கட்டட வாசலுக்கு வாசல் ஒரே மாதிரி கல்லும் இரும்பும் வந்து நின்றன, அப்புறம் 2011இல் சிலை வைப்பதற்குப் பதில் பொது நிதியில் காசு கட்டலாம் என்று மாற்றினார்கள். அதனால்தான் சொல்கிறேன், காசு மட்டும் வந்தால் போதாது. யார் தேர்ந்தெடுப்பது, எந்த மாதிரிகள் வந்தன, எவ்வளவு விலை, பத்து வருஷத்துக்கு யார் துடைப்பது என்று நாலு பேர் பார்க்கிற மாதிரி எழுதி ஒட்ட வேண்டும். இல்லையென்றால் காசு கூடக் கூட டால்பினும் கூடும்.

நம்மைக் கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏன் இல்லை என்பதும் தெரிந்த கதைதான். நகராட்சித் தேர்தலை 1965இல் நிறுத்தி வைத்தார்கள், 1976 ஊராட்சிச் சட்டத்தோடு அது முடிந்தே போனது. கவுன்சிலர்கள் எல்லாம் மாநில அரசு நியமிப்பவர்கள். நம் ஓட்டு அவர்களுக்குத் தேவையில்லை, நம் யோசனை மட்டும் எதற்கு? ஆனால் நம் ஆட்களையும் சும்மா விட முடியாது. திறப்பு விழா அன்று முன்வரிசையில் உட்கார்ந்து பொன்னாடை வாங்கிக்கொண்ட சங்கத் தலைவர்களில் எத்தனை பேர் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள்! ஒருவர் கண்ணிலுமா அந்த வெட்டு படவில்லை? பட்டிருக்கும். மேடையில் இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு, மீகூன் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

இப்போது இரண்டாம் கட்டம் என்று பேச்சு அடிபடுகிறது. புதுப் பொது மண்டபத்தின் முன்சுவரில் ஊர் வரலாற்றைப் புடைப்புச் சிற்பமாக வைக்கப் போகிறார்களாம். ஊர் வரலாறாம்! யார் வாயிலிருந்து கேட்ட வரலாறு? துரை பங்களா வரும், பழைய ரயில் நிலையம் வரும், காண்டாக் கம்பில் பால் வாளி தூக்கியவர்கள் மூலையில் நிழலாக வருவார்கள், வெட்டு மறுபடியும் தப்பாக இருக்கும். சிமெண்டு பூசிய பிறகு கத்திப் பிரயோஜனமில்லை.

1976 சட்டத்திலேயே மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்று இருக்கிறது, அவர்கள் தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய. அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். மண்டபச் சுவரின் மாதிரிப் படத்தை ஒரு மாதம் மார்க்கெட்டில் ஒட்டி வையுங்கள், தோட்டத்தில் வேலை செய்தவர்கள் பார்த்துத் திருத்தம் சொல்லட்டும், விலையையும் செய்பவர் பெயரையும் போடுங்கள், பூங்காச் சிலையில் வெட்டை இடமிருந்து வலமாக மாற்றி மங்குவைக் கீழ் முனையில் கட்டுங்கள், அந்த நீரூற்றை ஒன்று ஓட விடுங்கள், இல்லை மண்ணைக் கொட்டி மூடுங்கள். இவ்வளவுதான் கடிதம். சனிக்கிழமை காலை மார்க்கெட் பக்கத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தாளோடு இருப்பேன், கையெழுத்துப் போடுகிறவர்கள் வாருங்கள். லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து திறப்பு விழாவுக்கே போங்கள்.