ரிவ்யூ கமெண்டை மூடினால் மட்டும் போதாது, பதில் எழுத வேண்டும்

சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் எல்லோருக்கும் இது பழகிப்போன காட்சி. ஒரு டிசைன் ஆவணம் ரிவ்யூவுக்கு வரும். நாலு பேர் மெனக்கெட்டுப் படித்து கமெண்ட் போடுவார்கள். கெடு நெருங்கியதும் எழுதியவர் வரிசையாக ‘நோட்டட்’, ‘அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம்’ என்று தட்டிக்கொண்டே போவார். சாயங்காலத்துக்குள் ஷீட் முழுக்கப் பச்சை, அதாவது எல்லா கமெண்டும் முடிந்ததாகக் கணக்கு. ஆவணத்தில் ஒரு வரிகூட மாறியிருக்காது.

இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். போசிக்ஸ் தரநிலையில் வந்த குறைகளும் அவற்றுக்கு எழுதப்பட்ட பதில்களும் பொதுவில் கிடக்கின்றன. எனக்கு நேரம் கிடைக்கும்போதெல்லாம் படிக்கிறேன். படிக்கப் படிக்க அந்த நம்பிக்கை கூடித்தான் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் தரநிலைதான் போசிக்ஸ். மின், மின்னணுப் பொறியாளர்களின் ஐஇஇஇ அமைப்பு 1988-இல் முதல் பதிப்பை வெளியிட்டது. அந்தப் பெயரை யோசித்துச் சொன்னவர் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன். ஐஇஇஇ, யூனிக்ஸ் வணிகப்பெயரை வைத்திருக்கும் ஓப்பன் குரூப், சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ மூன்றும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்ததை ஒரே உரையாக்க 1998-இல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் கூடினார்கள். அதனால்தான் ஆஸ்டின் குழு என்று பெயர். கடைசியாக வந்தது 2024 பதிப்பு. ஏறக்குறைய 4,000 பக்கம். குழுவில் சேரக் கட்டணம் கிடையாது. குறை இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம்.

ஆனால் எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்பதில் கறாராக இருக்கிறார்கள். எந்தப் பிரிவு, எந்தப் பக்கம், எந்த வரி என்று குறிக்க வேண்டும். பிரச்சினை என்ன என்று ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். அடுத்த கட்டத்தில், அதற்கு என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று எழுத வேண்டும். ‘இந்த இடம் தெளிவாக இல்லை’ என்று எழுதிவிட்டு நகர முடியாது. எந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு எந்த வாக்கியத்தை வைக்க வேண்டும் என்று நீங்களே எழுதித் தர வேண்டும். புதிதாக வருபவர்களை இது மிரட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இது சரி என்றே சொல்வேன். மாற்று வாசகத்தை எழுத உட்காரும்போதுதான், நாம் சொல்ல வந்த குறை நிஜமாகவே குறைதானா என்பது நமக்கே பிடிபடுகிறது.

அப்புறம் குழு அதைத் தொலைபேசிக் கூட்டத்தில் எடுத்து, வரிவரியாகப் பேசி முடிவு செய்கிறது. ஏற்கலாம், மறுக்கலாம், ஏற்கெனவே வந்ததுதான் என்று சேர்த்துவிடலாம். எனக்குப் பிடித்தது நான்காவது: திருத்தத்துடன் ஏற்பு. நீங்கள் சொன்ன பிரச்சினை உண்மை, ஆனால் நீங்கள் தந்த மருந்து வேறொரு இடத்தில் கோளாறு செய்யும், ஆகவே இந்த வாசகத்தைப் போடுகிறோம் என்று அர்த்தம். எதிர்த் தரப்பு சொன்னதை முழுசாகக் காதில் வாங்கியவர்களால்தான் இப்படி ஒரு பதில் எழுத முடியும்.

ஓர் உதாரணம். ‘க்ளோஸ்’ என்ற சிஸ்டம் கால் (இயங்குதளத்திடம் வேலை கேட்கும் அழைப்பு) புரோகிராம் எழுதும் எல்லோருக்கும் தெரியும். திறந்த ஃபைலை மூடுவது, அவ்வளவுதான். மூடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு சிக்னல் (புரோகிராமுக்கு வரும் அவசர அறிவிப்பு) வந்து குறுக்கிட்டால்? ‘குறுக்கீடு’ என்ற எர்ரரோடு திரும்பி வரும். இப்போது ஃபைல் மூடிவிட்டதா, இன்னும் திறந்தேதான் இருக்கிறதா? பழைய பதிப்பு, நிலை என்னவென்று வரையறுக்கவில்லை என்று சொல்லி விட்டுவிட்டது.

திறந்த ஃபைலுக்கு இயங்குதளம் ஓர் அடையாள எண் தரும், அதுதான் ஃபைல் டிஸ்கிரிப்டர். லினக்ஸில் அந்த எண் அதற்குள் விடுவிக்கப்பட்டிருக்கும். ஹெச்பி நிறுவனத்தின் யூனிக்ஸான ஹெச்பி-யூஎக்ஸில் அது இன்னும் திறந்தே இருக்கும். எர்ரர் வந்ததே என்று லினக்ஸில் மறுபடி ‘க்ளோஸ்’ கூப்பிட்டீர்கள் என்றால், அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் (அதே புரோகிராமில் கூடவே ஓடும் இன்னொரு வேலை) புதிதாக ஒரு ஃபைலைத் திறந்து அதே எண்ணைப் பெற்றிருக்கலாம். அதன் ஃபைலை நீங்கள் மூடிவிடுவீர்கள். பயந்துகொண்டு மறுபடி கூப்பிடாமல் விட்டால், ஹெச்பி-யூஎக்ஸில் டிஸ்கிரிப்டர் மூடப்படாமல் தொங்கும். நாள்கணக்கில் ஓடும் சர்வரில் அப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஒரு நாள் திறக்க எண்ணே மிச்சம் இருக்காது. இரண்டிலும் சரியாக ஓடும் ஒரே கோடை எழுத வழியில்லை.

இது குறையாகப் பதிவானபோது குழு என்ன செய்திருக்கலாம்? லினக்ஸ் செய்வதே சரி என்று ஒரு வரி எழுதி முடித்திருக்கலாம். ஆனால் மறுபக்கத்தில் பல வருடமாக ஓடும் புரோகிராம்கள் ஒரே நாளில் தரநிலைக்கு எதிரானவை ஆகிவிடும். 2024 பதிப்பில் வந்திருக்கும் தீர்வைப் பாருங்கள். குறுக்கீடு என்ற எர்ரர் வந்தால் ஃபைல் திறந்தே இருக்கிறது என்று அர்த்தம். மூடிவிட்ட இயங்குதளம் அந்த எர்ரரைத் தரக் கூடாது. வெற்றி என்று சொல்லலாம், அல்லது வேலை நடந்துகொண்டிருக்கிறது என்ற வேறு எர்ரரைத் தரலாம். கூடவே ‘போசிக்ஸ் க்ளோஸ்’ என்று புதிதாக ஒன்றைச் சேர்த்து, எந்த நடத்தை வேண்டும் என்று புரோகிராமரே தேர்ந்தெடுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். எந்தத் தரப்பையும் தள்ளிவிடாமல் இந்த முடிவுக்கு வர எவ்வளவு பேச்சு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘நோட்டட்’ என்று தட்டியிருந்தால் அந்தக் குழப்பம் இன்னும் அப்படியே இருந்திருக்கும்.

வெளியாகிவிட்ட பதிப்பைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்லும் முறை இன்னும் கட்டுப்பாடானது. தரநிலை தெளிவாகத்தான் சொல்கிறது, எல்லோரும் அதன்படி நடக்க வேண்டும் என்பது ஒரு வகைப் பதில். வாசகம் தெளிவாக இல்லை, அதனால் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டவர்களில் எவரையும் விதி மீறியவர் என்று சொல்ல முடியாது என்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவது பதிலை நான் பெரிதாக மதிக்கிறேன். எழுதியவர்களின் வாசகம் மங்கலாக இருந்ததற்காக, அதைப் படித்து இயங்குதளம் கட்டியவர்களைத் தண்டிக்க முடியாது அல்லவா? அந்தப் பதிலைக்கூட உடனே இறுதியாக்குவதில்லை. யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்கிறார்கள்.

இந்த முறையில் எனக்குக் கோபம் வரும் இடமும் உண்டு. யூனிக்ஸில் ஃபைல் பெயருக்குள் நியூலைன், அதாவது வரியை முடிக்கும் எழுத்து, இருக்கலாம். அப்படி ஒரு பெயர் வந்துவிட்டால், ஃபைல்களைத் தேடும் ‘ஃபைண்ட்’ கட்டளை கொடுக்கும் பட்டியலை வரிவரியாகப் படிக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒரு ஃபைலை இரண்டாக நினைத்துக்கொள்ளும். அந்த ஸ்கிரிப்ட் ஃபைல்களை அழிக்கும் ஸ்கிரிப்டாக இருந்தால் நிலைமையை யோசியுங்கள். பெயர்களுக்கு நடுவில் நியூலைனுக்குப் பதில், பெயருக்குள் வரவே முடியாத நல் பைட்டை வைக்கும் ‘பிரிண்ட்-ஜீரோ’ என்ற வசதி குனு திட்டத்தின் ‘ஃபைண்ட்’டில் வெகு காலமாக இருக்கிறது. யூனிக்ஸின் இன்னொரு கிளையான பிஎஸ்டி பக்கமும் இருக்கிறது. அதைத் தரநிலையில் சேருங்கள் என்ற கோரிக்கை 2010-இல் பதிவானது. சேர்ந்தது 2024 பதிப்பில்.

நடைமுறையில் இருப்பதைத்தான் தரநிலையாக்குவோம், புதிதாக எதையும் கண்டுபிடிக்க மாட்டோம் என்பது இவர்களின் அடிப்படைக் கொள்கை. அந்தக் கொள்கையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் எல்லோரும் ஏற்கெனவே பயன்படுத்திவந்த வசதிக்கு 14 வருடக் காத்திருப்பு ரொம்ப அதிகம். நியூலைன் உள்ள பெயர்களையே இயங்குதளங்கள் மறுக்கலாம் என்று ஊக்கப்படுத்தும் வாசகமும் இதே பதிப்பில்தான் வந்தது. கட்டாயப்படுத்தவில்லை, ஊக்கம் மட்டும்தான். அதில் தாமதம் ஆனதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. எத்தனை வட்டில் எத்தனை பழைய பெயர்கள் கிடக்கின்றனவோ. இரண்டையும் ஒரே வேகத்தில் நடத்தியிருக்க வேண்டாம் என்பதே என் குறை.

தமிழில் மென்பொருள் மொழிபெயர்ப்பவர்களுக்கு நெருக்கமான ஒன்றும் இதே பதிப்பில் வந்தது: ‘கெட்டெக்ஸ்ட்’. லினக்ஸ் டெஸ்க்டாப்புகளான குனோம், கேடிஇ மெனுக்களைத் தமிழாக்கும்போது நாம் நிரப்பும் அந்த பிஓ ஃபைல்களுக்குப் பின்னால் இருக்கும் முறை. ‘கெட்டெக்ஸ்ட்’டா, அதற்குப் போட்டியான ‘கேட்கெட்ஸ்’ முறையா என்ற தகராறு 1990-களிலேயே உண்டு. தன்னார்வலர்கள் அதையெல்லாம் கவனிக்காமல் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார்கள். தரநிலை பிறகு அவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இவ்வளவையும் சொல்வது, நம் அலுவலக ஆவணங்களுக்கும் இதில் பாதியாவது வேண்டும் என்பதற்காக. ஒரு கமெண்டை ஏற்றால் எந்த வரி எப்படி மாறியது என்று பதிலில் இருக்க வேண்டும். மறுத்தால் காரணம் இருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து வேலைக்குச் சேரும் ஒருவர் அதே சந்தேகத்தோடு வந்தால், அந்தக் காரணத்தைப் படித்துத் தெளியலாம், அல்லது காரணம் காலாவதியாகிவிட்டது என்று காட்டலாம். ‘நோட்டட்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவர் எதையும் செய்ய முடியாது.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். ஐஇஇஇ வாக்கெடுப்பில் வாக்குச்சீட்டுகளில் 75 சதவீதம் திரும்பி வர வேண்டும், வாக்களித்தவர்களில் 75 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும். அந்த எண்ணிக்கை கிடைத்த பிறகும், எதிர்த்து வாக்களித்தவர் சமாதானம் ஆகவில்லை என்றால், அவருடைய கமெண்டையும் அதற்குக் குழு எழுதிய பதிலையும் வாக்காளர்கள் எல்லோருக்கும் மறுபடி சுற்றுக்கு அனுப்புகிறார்கள். அதைப் படித்துவிட்டு ஏற்கெனவே ஆதரித்தவர்கூடத் தன் வாக்கை மாற்றிக்கொள்ளலாம். 4,000 பக்க ஆவணத்துக்கு இதைச் செய்ய முடிகிறது. நம்முடைய டிசைன் ஆவணம் நாற்பது பக்கம்.