நாங்கள் யாருடைய கோட்டையும் இல்லை

ஞாயிற்றுக்கிழமை எங்கள் நலச் சங்கக் கூட்டத்தில் அந்த விருந்தினர் பேசிய வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிவிட்டது. பார்க்காதவர் இருக்க மாட்டீர்கள். மூன்று நாளாக மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மழைநீர்க் கால்வாய்க்காக எம்.பி.யிடம் மனு கொடுக்கலாமா என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். தப்பான கேள்வியா? அதற்கு அவர் சிரித்துக்கொண்டே, “ஸ்ரீபெரும்புதூர் சேஃப் சீட்மா. கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் வித்தியாசம். உங்க தெரு ஓட்டுப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்” என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் கூடவே சிரித்தார்கள். முன்வரிசையில் என் அப்பா உட்கார்ந்திருந்தார்.

இது சேஃப் சீட் இல்லை. இருந்ததும் இல்லை.

2009-இல் மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், ஸ்ரீபெரும்புதூர், பல்லாவரம், தாம்பரம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகளைச் சேர்த்து இப்போதைய தொகுதி உருவானது. அதற்கு முன் இது பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. 1984, 1989, 1991 என்று மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தது காங்கிரஸின் மரகதம் சந்திரசேகர். அவருக்கு ஓட்டுக் கேட்க வந்தபோதுதான் ராஜீவ் காந்தி இங்கே கொல்லப்பட்டார். அன்றைக்கு இதைக் காங்கிரஸ் கோட்டை என்றுதான் சொல்லியிருப்பார்கள். 1996-இல் திமுக, 1998-இல் அதிமுக, அப்புறம் மறுபடி திமுக. கோட்டைக்கு இத்தனை வாசலா?

புதிய தொகுதியின் கதையையும் பாருங்கள். 2009-இல் திமுகவின் டி.ஆர்.பாலு ஜெயித்தது 25,036 ஓட்டு வித்தியாசத்தில். அதே தேர்தலில் தேமுதிக வாங்கியது 80 ஆயிரத்துக்கும் மேல். இரண்டே வருடம் கழித்து, 2011-இல், இந்த ஆறு சட்டமன்றத் தொகுதியிலும் திமுக அணிக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2014-இல் அதிமுகவின் கே.என்.ராமச்சந்திரன் திமுகவின் ஜெகத்ரட்சகனை ஒரு லட்சத்துக்கும் மேலான வித்தியாசத்தில் தோற்கடித்தார். 2016 சட்டமன்றத் தேர்தலில் திமுக மூன்று, அதிமுக மூன்று. 2019-இல் பாலு 5,07,955 வித்தியாசத்தில் வந்தார். 2021-இல் ஆறும் திமுக அணிக்கு. 2024-இல் மறுபடி பாலு, 4,87,029. பத்து வருடத்தில் பூஜ்யத்திலிருந்து ஆறுக்குப் போன ஊரை, அதே வேகத்தில் திரும்பாது என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

நேற்று இதைக் கமெண்டில் போட்டதும் “நீ இரட்டை இலையா, தாமரையா?” என்று கேட்டார்கள். நான் யாருக்குப் போட்டேன் என்பது எனக்கும் அந்த மெஷினுக்கும் தெரிந்தால் போதும். பாலுவை நான் குறை சொல்லவில்லை. அவர் நெடுஞ்சாலைத் துறை அமைச்சராக இருந்தபோது வந்த கத்திப்பாரா மேம்பாலத்தில்தான் இன்றைக்கும் வேலைக்குப் போகிறேன். தென்சென்னையில் நான்கு முறை ஜெயித்தவர் அவர். ஆலந்தூரும் தாம்பரமும் அப்போது அந்தத் தொகுதியில்தான் இருந்தன. அந்தப் பழக்கத்தில் போட்ட ஓட்டும் உண்டு. ஆக, அவருக்கு விழுந்தது அவருக்கு விழுந்தது. அதை எடுத்து ஊருக்கே பட்டா எழுதிக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொருவர், 2024-இல் அதிமுக, தமாகா, நாம் தமிழர் மூன்றையும் கூட்டினாலும் பாலு வாங்கிய 7.58 லட்சத்தை எட்டவில்லையே என்று கேட்டார். சரி, எட்டவில்லை. ஆனால் நீங்கள் ஒரு கணக்கை விட்டுவிட்டீர்கள். 2024-இல் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்காளர்கள் இருந்த மக்களவைத் தொகுதி இது, 23.82 லட்சம் பேர். ஓட்டுப் போட்டது ஏறக்குறைய 60 சதவீதம். அப்படியென்றால் 9 லட்சத்துக்கும் மேல் போடவே இல்லை. ஜெயித்தவர் வாங்கியதைவிட அது அதிகம். இவர்களில் பலர் சோம்பேறிகள் இல்லை. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், பதினோரு மாத அக்ரிமென்ட் முடிந்ததும் வீடு மாறுபவர்கள், தாம்பரத்தில் குடியிருந்தாலும் பழைய முகவரியிலேயே பெயர் இருப்பவர்கள். அவர்களில் பாதி வந்தால் எந்தக் கணக்கு நிற்கும்? 2024-இல் போட்டியிடாத விஜய்யின் தவெக அடுத்த மக்களவைத் தேர்தலில் வந்தால் எது எந்தப் பக்கம் சாயும்? இதெல்லாம் அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டதா?

கால்வாய் பஞ்சாயத்து வேலை, எம்.பி. வேலை இல்லை என்பதும் வந்தது. தெரியும். ஆனால் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் வந்தபோது எந்தப் பஞ்சாயத்தும் தனியாகத் தாங்கவில்லை. எம்.பி. நிதி எல்லாத் தொகுதிக்கும் ஒரே அளவு, வருடத்துக்கு 5 கோடி. 2024 கணக்குப்படி 13.45 லட்சம் வாக்காளர்கள் இருந்த நாகப்பட்டினத்தில் அது ஒரு வாக்காளருக்கு 37 ரூபாய். எங்களுக்கு 21 ரூபாய். ஏற்கெனவே குறைவாகக் கிடைக்கும் இடத்தில் வந்து, ‘நீங்கள் கேட்பதே வீண்’ என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அவருடைய முதல் ஓட்டு 1971, பரங்கிமலையில். அப்போது 21 வயது ஆகியிருக்க வேண்டும். எம்.ஜி.ஆர். உதயசூரியனில் நின்றார். அடுத்த வருடமே எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டு அதிமுகவைத் தொடங்கினார். பரங்கிமலை யாருடைய கோட்டை என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருக்க முடியுமா? அதற்கப்புறம் அப்பா ஒரு தேர்தலையும் விட்டதில்லை. 2024 ஏப்ரல் 19 அன்று முழங்கால் வலியோடு வந்தார். எங்கள் பூத் முதல் மாடியில். கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார், நடுவில் இரண்டு முறை நின்றார். வரிசையில் இருந்த ஒரு பையன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வெளியே வந்ததும் மை வைத்த விரலைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வீடு வரை நடந்தார். அந்த விரலைப் பார்த்துத்தான் போட்டாலும் ஒன்று, போடாட்டியும் ஒன்று என்று சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். அரசியல் அறிவு உங்களுக்கு நிறைய இருக்கலாம் சார். ஒரு பெரியவர் முன்னால் என்ன பேசலாம் என்பது தெரியவில்லை.

கூட்டம் முடிந்து வரும்போது அப்பா ஒன்றும் பேசவில்லை. நேற்று ராத்திரி சாப்பிடும்போதுதான், “அந்தத் தம்பி சொன்னது நிஜமாப்பா?” என்று கேட்டார். போனில் 2009 முடிவை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 25,036-ஐ இரண்டு முறை வாசித்தார். பிறகு, “நம்ம தெருவுல மொத்தம் எத்தனை ஓட்டு இருக்கும்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. முனை வீட்டிலிருந்து ஒவ்வொரு வீடாகச் சொல்லி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.