பேஸ் பேப்பர் இல்லாத பிரச்சினைகள்

இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வெளித் தேர்வாளராகப் போகும் பொறியியல் கல்லூரிகளில் எல்லாம் ஒரு கருவியைத் தவறாமல் பார்க்கிறேன். பார்வையற்றோருக்கான ஸ்மார்ட் ஸ்டிக். ஒரு பிவிசி குழாய், நுனியில் ஒலியலையை அனுப்பித் தடையை அறியும் அல்ட்ராசானிக் சென்சார், அதை இயக்க அர்டுயினோ என்ற சின்ன சர்க்யூட் போர்டு, ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு பஸ்ஸர். முன்னால் கையை நீட்டினால் கீச்சென்று கத்தும். ராத்திரி பகல் பாராமல் சால்டர் வைத்த பிள்ளைகளின் முகத்தில் அப்போது வரும் சந்தோஷம் உண்மையானது. டெமோ முடிந்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: "இதைப் பார்வை இல்லாத யாராவது பிடிச்சு நடந்து பார்த்தாங்களாப்பா?"

அநேகமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கல்லூரி இருக்கும் அதே ஊரில் பார்வையற்றோர் பள்ளி இருக்கும். பஸ் ஸ்டாண்டில் தினமும் வெள்ளைக் கம்போடு நடக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசியிருந்தால் அந்தக் கருவியே வேறு மாதிரி வந்திருக்கும்.

தரையில் கிடக்கும் கல்லையும் பள்ளத்தையும் சாதாரண வெள்ளைக் கம்பே சொல்லிவிடுகிறது. அடிபடுவது முழங்காலுக்கு மேலேதான். நிறுத்தி வைத்த லாரியின் பின்பக்கம், பாதி இறக்கிய கடை ஷட்டர், நடைபாதைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஏசி பெட்டி, தாழ்ந்த மரக்கிளை இவையெல்லாம் கம்புக்குத் தெரியாது. நெற்றிக்கும் நெஞ்சுக்கும்தான் தெரியும். ஆனால் நம் பிள்ளைகளின் சென்சார் கம்பின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்க்கிறது. அப்புறம் அந்த பஸ்ஸர். வண்டி எந்தப் பக்கம் வருகிறது, பஸ் நின்றுவிட்டதா, கூட வருகிறவர் என்ன சொல்கிறார் என்று எல்லாவற்றையும் காதால் அறிகிறவருக்கு, அந்தக் காதருகே ஓயாமல் கத்தும் ஒரு கருவி உதவியா, தொந்தரவா?

இதே யோசனையில் தொடங்கிய இன்னொரு மாணவர் ப்ராஜெக்ட் உண்டு. டெல்லி ஐஐடியில் 2005 வாக்கில், பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் வழிகாட்டுதலில், இளநிலை மாணவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. பார்வையற்றவர்களோடு உட்கார்ந்து பேசி, செய்ததை அவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் சொன்ன குறையைத் திருத்தி, மறுபடி கொடுத்து வளர்த்தார்கள். சக்ஷம் டிரஸ்ட் என்ற அமைப்பு கூடவே நின்றது. கடைசியில் வந்தது தனிக் கம்பு அல்ல, ஏற்கெனவே இருக்கும் மடக்குக் கம்பின் மேல் மாட்டிக்கொள்ளும் ஒரு கைப்பிடி. முழங்கால் உயரத்திலிருந்து தலை உயரம் வரை சுமார் மூன்று மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் தடையைக் கண்டுபிடித்து, உள்ளங்கையில் அதிர்வாகச் சொல்லும். தூரம் குறையக் குறைய அதிர்வின் போக்கு மாறும். காது சும்மா இருக்கும். கைப்பிடியைச் செய்தது சென்னையில் உள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். ஸ்மார்ட்கேன் என்ற பெயரில் 2014-ல் வெளிவந்தபோது விலை மூவாயிரம் ரூபாய் அளவில்தான் இருந்தது.

2005-ல் தொடங்கியது 2014-ல் கைக்கு வந்திருக்கிறது. ஒன்பது ஆண்டு. நம் கல்லூரிகளில் அதே ப்ராஜெக்டுக்குக் கொடுப்பது ஒரு செமஸ்டர். வைவா முடிந்ததும் போர்டைக் கழற்றி ஜூனியருக்குக் கொடுப்பார்கள், பைண்டிங் செய்த ரிப்போர்ட் நூலக அலமாரிக்குப் போகும், அடுத்த வருடம் வேறொரு பேட்ச் முதலிலிருந்து அதே பஸ்ஸரை மாட்டும்.

இதில் மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் ரிவ்யூவில் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "பேஸ் பேப்பர் எங்கே?" ப்ராஜெக்டுக்கு அடிப்படையாக வைக்கும், ஏற்கெனவே வெளியான ஆய்வுக் கட்டுரைதான் பேஸ் பேப்பர். இருபது வயதுப் பையன் அவன் தெருவில் செப்டிக் டேங்க் எடுக்க வருகிறவர் படும் பாட்டைப் பார்த்துவிட்டு ஒரு யோசனையோடு வந்தால், அதற்கு எந்த ஜர்னலில் பேப்பர் இருக்கிறது என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறோம். அவன் நேரே ப்ராஜெக்ட் சென்டருக்குப் போகிறான். அங்கே டைட்டில், பேஸ் பேப்பர், கோடிங், பிபிடி எல்லாம் ஒரே விலையில் கிடைக்கின்றன. தெருவில் இருக்கும் பிரச்சினையை வாசலிலேயே தடுத்து நிறுத்தும் வேலையை இந்த ஒரு கேள்வி செய்துகொண்டிருக்கிறது.

செப்டிக் டேங்க் என்று சும்மா சொல்லவில்லை. பாதுகாப்புக் கவசம் இல்லாமல் மனிதரை அதற்குள் இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். இருந்தும் விஷவாயுச் சாவுச் செய்தி நிற்கவில்லை. லாரியில் குழாய் போட்டு உறிஞ்சினால் மேலே இருக்கும் தண்ணீர் வரும், அடியில் இறுகிக் கிடக்கும் கசடு வராது. அதைக் கிளறிவிடத்தான் ஆளை இறக்குகிறார்கள். டேங்கின் வாய் சிறியது, உள்ளே அகலம், ஆகவே பெரிய இயந்திரத்தை உள்ளே இறக்கவும் முடியாது. சென்னை ஐஐடியில் முதுநிலை மாணவர் ஒருவர் இதைத் தன் இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுத்தார், பேராசிரியர் பிரபு ராஜகோபால் வழிகாட்டினார். மடங்கிய நிலையில் சின்ன வாய் வழியே இறங்கி, உள்ளே போனதும் குடை போல விரிந்து சுழன்று கசடைக் கரைக்கும் தகடுகள். அப்புறம் பம்ப் உறிஞ்சிக்கொள்ளும். ஹோமோசெப் என்று பெயர். டிராக்டரில் ஏற்றி எங்கும் கொண்டுபோகலாம். 2022-ல் முதல் இரண்டு இயந்திரங்கள் போய்ச் சேர்ந்தது தமிழ்நாட்டு மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு. அவற்றை நடத்தும் பெண்கள் இதே வேலையில் கணவரைப் பறிகொடுத்தவர்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றும் வேலையை ஒழிக்கப் போராடும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற அமைப்பு அவர்களை இதில் இணைத்தது. இயந்திரம் யார் கைக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்து யோசித்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம். இயந்திரம் ஒப்பந்ததாரர் கைக்குப் போய், இத்தனை நாள் அந்தக் குழியில் இறங்கிய குடும்பம் பிழைப்பில்லாமல் நின்றால் அது என்ன தீர்வு?

"அது ஐஐடி, நமக்கு ஏது வசதி" என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். சரி, கேரளத்தைப் பார்ப்போம். மலப்புரம் மாவட்டம் குற்றிப்புறத்தில் உள்ள எம்இஎஸ் பொறியியல் கல்லூரியில் படித்த இளைஞர்கள்தான் ஜென்ரோபோட்டிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பாதாளச் சாக்கடையில் இறங்கும் அவர்களுடைய பாண்டிகூட் ரோபோ 2018-ல் திருவனந்தபுரத்தில் வேலையைத் தொடங்கியது. அதை இயக்கப் பயிற்சி கொடுத்ததும் துப்புரவுத் தொழிலாளர்களுக்கே.

நமக்குக் குறைவது பணத்தைவிடத் தொடர்ச்சிதான் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1995-ல் எபிக்ஸ் என்றொரு பாடத்திட்டம் தொடங்கினார்கள். ஊரில் உள்ள ஒரு சேவை அமைப்போடு ஒரு குழு பல ஆண்டுகளுக்கு இணைந்திருக்கும். முதலாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் ஒரே குழுவில் இருப்பார்கள். சீனியர் பட்டம் வாங்கிப் போனாலும் வேலை நிற்காது, ஜூனியருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். கிரெடிட்டும் உண்டு. இதைச் செய்யப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரு துறை ஒரே ஒரு பிரச்சினையை ஐந்து வருடத்துக்குக் கைவிடாமல் வைத்திருந்தால் போதும்.

இப்படி ப்ராஜெக்ட் செய்தால் வேலை கிடைக்காதே, கம்பெனிக்காரன் ஏஐ என்று டைட்டிலில் இருந்தால்தானே பார்க்கிறான் என்பார்கள் பெற்றோர். பஸ்ஸரை எடுத்துவிட்டு ஏன் அதிர்வு வைத்தோம், யார் சொல்லி வைத்தோம் என்று பத்து நிமிடம் சொந்தமாகப் பேசத் தெரிந்த பிள்ளையை இன்டர்வியூவில் யாரும் சும்மா அனுப்ப மாட்டார்கள்.

ஏழாவது செமஸ்டர் தொடங்கியதும் டைட்டில் கேட்டுப் பிள்ளைகள் வருவார்கள். கைடாக இருக்கும் நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: பேஸ் பேப்பருக்குப் பதில், அந்தக் கருவியைப் பயன்படுத்தப் போகிறவரோடு பேசி எழுதிய இரண்டு பக்கத்தை முதல் ரிவ்யூவில் கேளுங்கள். கடைசி ரிவ்யூவுக்கு அவரையே அழைத்து வந்து பேனலில் உட்கார வையுங்கள், மார்க்கில் ஒரு பங்கு அவர் போடட்டும். பழுதானால் யார் சரிசெய்வார்கள், உதிரி பாகம் அந்த ஊர்க் கடையில் கிடைக்குமா என்பதற்கும் மார்க் வையுங்கள். பார்வையற்றோர் பள்ளியோ, அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவோ, தூய்மைப் பணியாளர் சங்கமோ எந்த ஊரிலும் இருக்கிறது. போய்க் கேட்க ஒரு பிற்பகல் போதும்.