அஸ்வானின் மாங்காயும் கேரளத்தின் மழையும்

இந்தியா என்றால் சந்தனம், அரபு நாடென்றால் அகிலும் ரோசாவும் என்று இருந்த இடத்திலிருந்தே முடிவு செய்துவிட்டு, ஒரு தேசத்தின் வாசனையைப் போத்தலில் அடைத்திருப்பதாக விளம்பரம் செய்யும் வழக்கம் வாசனைத் திரவியத் தொழிலில் நெடுங்காலமாக இருக்கிறது. அந்த வழக்கத்திலிருந்து விலகி நின்றதனாலேயே பிரெஞ்சு வாசனைக் கலைஞர் ழான் குளோட் எலேனாவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

1947இல் பிறந்த எலேனா, மல்லிகையும் ரோசாவும் பயிரிடப்படும் பிரான்சின் கிராஸ் நகரத்தின் மரபில் வந்தவர். தந்தையாருக்கும் இதே தொழில்தான். பதின்ம வயதிலேயே தொழிற்சாலை வேலைக்குச் சென்று, பின்னர் ஜெனீவாவில் பயின்று, 1976இல் 'ஃபர்ஸ்ட்' என்ற படைப்பினால் பெயர் பெற்றார். 2004 முதல் 2016 வரை ஹெர்மெஸ் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் நிறுவனத்தின் வாசனைக் கலைஞராக இருந்தார்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலப்பொருட்கள் கைக்கெட்டும் ஒரு தொழிலில், அவர் தமது மேசையில் இருநூறுக்கும் குறைவானவற்றையே வைத்துக்கொண்டார். வனிலா மணம் தரும் வனிலின் தோய்த்த ஒரு காகிதத் துண்டையும் ஐசோபியூற்றைல் பீனைல் அசற்றேற்று என்ற செயற்கை வாசனைப் பொருள் தோய்த்த இன்னொன்றையும் ஒன்றாகப் பிடித்து முகர்ந்தால் சொக்கலேற் மணக்கும் என்பதை அவர் செய்து காட்டுவார். சொக்கலேற்றின் மணத்தில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் உண்டு. அவற்றுள் மூக்கு அடையாளம் காண்பதற்கு எவை போதும் என்பதே அவருடைய தேடல்.

நைல் நதியைப் பொருளாகக் கொண்டு 2005இல் வெளிவந்த வாசனைக்காக அவர் எகிப்துக்குச் சென்றார். அங்கே அஸ்வானில் மரங்களில் தொங்கிய பச்சை மாங்காய்களின் மணம் அவரை ஈர்த்தது. எகிப்து என்றதும் எவரும் மாங்காயை நினைப்பதில்லை. ஆனால் அந்த மணம் அங்கே காற்றில் இருந்தது. அவர் மாங்காயைப் பிழிந்து தைலம் எடுக்கவில்லை. வேறு பொருட்களைச் சேர்த்து, மூக்கு அதை மாங்காய் என்று நம்பும்படி செய்தார். அதே வாசனையில் தாமரையோடு வசம்பும் இடம்பெறுகிறது என்று அறிந்தபோது, குழந்தை பிறந்த வீடுகளில் வசம்பு உரைத்துப் பழகிய நம்மவர்களுக்கு அது எவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

கேரளத்தின் பருவமழையைப் பற்றி 2008இல் அவர் செய்த வாசனை பலருக்கு ஏமாற்றம் அளித்தது. ஏலமும் மிளகும் இஞ்சியும் இருந்தும், வாங்கியவர்கள் எதிர்பார்த்த சூடு அதில் இல்லை. நீர்த்தன்மையும் குளிர்ச்சியுமே மேலோங்கி நின்றன. என்னளவில் அவர் செய்ததே சரி. மழை ஓய்ந்த தோட்டத்தில் மிளகுக்கொடி நனைந்தல்லவா நிற்கும்!

ஆயினும் எலேனா ஒரு விருந்தாளி. ஓர் ஊரின் மணத்தை அதன் பருவங்கள் எல்லாவற்றிலும் முகர்ந்தவர் அங்கே வாழ்பவரே. உத்தரப் பிரதேசத்தின் கன்னோசி நகரத்தார், சுட்ட களிமண்ணைச் செப்புப் பாத்திரத்தில் நீரோடு காய்ச்சி, எழும் ஆவியைச் சந்தனத் தைலத்தில் இறக்கி, முதல் மழை விழுந்த மண்ணின் மணத்தையே அத்தராக்கினார்கள். யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் செம்மண்ணில் ஐப்பசி மழை விழும்போது எழும் மணத்துக்கும், பொச்சுமட்டைப் புகையில் பதமாகும் புகையிலையின் மணத்துக்கும் அப்படி ஒருவர் நம்மிடையே இன்னும் வரவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. இங்கே இரசாயனவியல் கற்கும் பிள்ளைகளில் ஒருவருக்கேனும் இந்த ஆசை வர வேண்டும்.

அப்படி வருபவர் பனம்பழத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் விருப்பம். இனிப்போடு ஒரு கசப்பும் கலந்த அதன் கனத்த மணத்தை நம் வீடுகளிலேயே சிலர் தாங்கமாட்டார்கள். அந்தக் கசப்பை அகற்றி இனிப்பை மட்டும் எடுத்தால் கடைகளில் எளிதாக விற்கும். ஆனால் பனம்பழக் களியிலிருந்து செய்யும் பனாட்டு பாயில் காயும் முற்றத்தில் வளர்ந்த எவரும் அதைப் பனம்பழம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.