அத்திப்பள்ளியோடு முடிந்துபோகும் வரைபடங்கள்

ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஓசூருக்குப் பக்கத்திலுள்ள கெலவரப்பள்ளி அணையின் மதகுகள் திறக்கப்படும்போது, தென்பெண்ணையின் மேல் பஞ்சுப்பொதியைப் பிரித்துப் போட்டதைப் போல வெண்ணுரை மிதந்து செல்லும் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. அதைப் பார்க்கும் வெளியூர் நண்பர்கள், எந்தத் தொழிற்சாலை இப்படிச் செய்கிறது என்று என்னிடம் கேட்பார்கள். தொழிற்சாலைகளுக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், இந்தக் கேள்விக்கான முழு விடை பெங்களூரு நகரம் ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டுகளாகத் தன்னை எப்படித் திட்டமிட்டுக்கொண்டது என்பதில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஓசூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வீடுகளுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் வரைபடம் தயாரித்து வருபவன் என்ற முறையிலும், கெலவரப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் குடும்ப நிலம் உள்ளவன் என்ற முறையிலும் இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

பெங்களூரு ஆறு இல்லாத ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகின்மேல் அமர்ந்திருக்கும் அந்த ஊரில் விழும் மழைநீர் ஒரு பக்கம் அர்க்காவதி வழியாகக் காவிரிக்கும், மறுபக்கம் தென்பெண்ணைக்கும் பிரிந்து ஓடுகிறது. 1537இல் அங்கே கோட்டையும் பேட்டையும் எழுப்பிய கெம்பே கௌடர் இந்த நில அமைப்பை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். தொட்டபேட்டையும் சிக்கபேட்டையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் நாற்சந்தியைச் சுற்றி அரிசிக்கு ஒரு பேட்டை, பஞ்சுக்கு ஒரு பேட்டை, குயவர்களுக்கு ஒரு பேட்டை என்று ஊர் வளர்ந்தபோது, தர்மாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி என்று ஏரிகளும் கூடவே வந்தன. ஒரு ஏரி நிறைந்தால் அடுத்த ஏரிக்கு நீர் இறங்கும். எங்கள் பக்கத்தில் ஏரி நிறைந்து வழிவதைக் ‘கோடி போகிறது’ என்று சொல்வோம். கன்னடத்திலும் அந்த வழிந்தோடிக்குக் ‘கோடி’ என்றுதான் பெயர். ஓசூர்ப் பக்கம் வளர்ந்த எனக்கு இந்தச் சொல் எந்த மொழிக்குரியது என்ற கேள்வி சிறுவயதில் எழுந்ததே இல்லை.

1809இல் ஆங்கிலேயர் அல்சூருக்குப் பக்கத்தில் படைமுகாம் அமைத்தபோது ஒரே இடத்தில் இரண்டு ஊர்கள் உண்டாயின. மேற்கே மைசூர் அரசின் பேட்டை, கிழக்கே கண்டோன்மென்ட். வட ஆர்க்காட்டிலிருந்தும் அன்றைய சேலம் மாவட்டத்திலிருந்தும், அதாவது நம் ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிகளையும் உள்ளடக்கிய மாவட்டத்திலிருந்தும், தமிழர்கள் பெருமளவில் குடியேறியது கண்டோன்மென்டில்தான். அந்த இரண்டு ஊர்களும் 1949இல்தான் ஒரே மாநகராட்சியின்கீழ் வந்தன. ஆனாலும் ஏரி என்ற ஒன்றில் இரு தரப்பாரும் தொடக்கத்தில் ஒரே கருத்தோடுதான் இருந்தார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்துக்குப் பிறகு கண்டோன்மென்டின் தண்ணீருக்காக 1882இல் சாங்கி ஏரி வெட்டப்பட்டது இதற்குச் சான்று.

திருப்பம் 1896இல் நிகழ்ந்தது என்பது என் கருத்து. அந்த ஆண்டில் அர்க்காவதியின் குறுக்கே அமைந்த ஹெசரகட்டா ஏரியிலிருந்து பெங்களூருக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தின் பெரிய சாதனை அது, அதில் ஐயமில்லை. ஆனால் வீட்டு வாசலில் குழாய் வந்தவுடன், ஊருக்கு நடுவில் இருந்த ஏரி தண்ணீர்த் தொட்டி என்ற நிலையிலிருந்து வெறும் காலி நிலம் என்ற நிலைக்கு இறங்கிவிட்டது. 1914இல் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் அழைப்பின் பேரில் இந்தியா வந்த ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெட்டிஸ், நம் நகரங்களைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கைகளில், எந்தக் குழாய் அமைப்பும் ஒருநாள் பழுதாகும் என்பதால் கிணறுகளையும் குளங்களையும் கைவிடலாகாது என்று வற்புறுத்தினார். சென்னையும் அதைக் கேட்கவில்லை, பெங்களூரும் கேட்கவில்லை.

இதற்கிடையே 1898இல் பிளேக் வந்தது. பேட்டையின் நெருக்கமான தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். தடுப்புப் பணிகளை ஒருங்கிணைக்கத் தொலைபேசிக் கம்பிகள்கூட இழுக்கப்பட்டன. பசவனகுடியும் மல்லேஸ்வரமும் உருவானது அந்த நேரத்தில்தான். அகலமான நேர்த் தெருக்கள், ஒவ்வொரு வீட்டையும் சுற்றிக் காற்றோட்டத்துக்கு விட்ட இடம், வீடுகளின் பின்புறம் கழிவு அகற்றுவதற்கென்றே தனிச் சந்து, நடுவில் பூங்கா, கோயில், சந்தை என்று அவை அமைந்தன. 1910இல் கண்டோன்மென்ட் பக்கம் அமைந்த பிரேசர் டவுனும் அதே அச்சத்தின் விளைவுதான். நான் படித்த காலத்தில் மல்லேஸ்வரத்தின் தெருக்களில் நடந்து, அந்தப் பின்சந்துகளை அளந்து பார்த்திருக்கிறேன். மனிதர்கள் சாகக்கூடாது என்ற ஒற்றை நோக்கத்தோடு ஒருவர் கோடு போட்டால் அது எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து நம் பகுதியில் இல்லை. இன்று நாம் மனைப்பிரிவு என்று போடுவதில் அந்த அக்கறையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை என்று வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

1945இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் அமைந்தது. 1948இல் ஜெயநகருக்கு அடிக்கல் நாட்டியவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். எச்ஏஎல், எச்எம்டி, ஐடிஐ, பிஇஎல் என்று பொதுத்துறை ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வர, 1951இல் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் வாழ்ந்த நகரம் 2011 கணக்கெடுப்பில் 84 லட்சம் மக்கள்தொகையைத் தொட்டது. இத்தனை பேருக்கும் இடம் தேடியபோது முதலில் கண்ணில் பட்டவை, அரசு நிலமாகவும் சமதளமாகவும் இருந்த ஏரிப் படுகைகள்தான். நிலம் எடுப்பு வழக்கு இல்லை, இழப்பீடு இல்லை. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி மைதானமாயிற்று. எங்கள் தலைமுறைக்கு மெஜஸ்டிக் என்றால் பெங்களூரு, பெங்களூரு என்றால் மெஜஸ்டிக். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்திலிருந்து இறங்கிய அந்தத் தரை கெம்பே கௌடர் காலத்து ஏரி என்பதை நான் முப்பது வயதுக்கு மேல்தான் அறிந்தேன்.

ஏரிகளைக் காக்க வேண்டும் என்று 1980களின் நடுவில் லட்சுமண ராவ் குழு பரிந்துரைத்தது, அரசும் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஏரி என்பது கரைக்குள் நிற்கும் நீர் மட்டும் அன்று, அதற்கு வரும் கால்வாயும் அதிலிருந்து போகும் கால்வாயும் சேர்ந்ததுதான் ஏரி. அங்கே ‘ராஜகாலுவே’ என்று அழைக்கப்படும் அந்தப் பெருங்கால்வாய்கள் சில இடங்களில் மூடப்பட்டன, சில இடங்களில் குறுக்கப்பட்டன, மற்ற இடங்களில் சாக்கடையாக மாறின. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையிலும் பெல்லந்தூரிலும் வெள்ளம் நின்று, மென்பொருள் ஊழியர்கள் டிராக்டரில் வேலைக்குப் போன காட்சியை நாமெல்லாரும் பார்த்தோம். அந்தத் தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடியது.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். நகரம் பெருகப் பெருக ஹெசரகட்டா போதவில்லை, 1933இல் வந்த திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும் போதவில்லை. 1974 முதல் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் ஐந்நூறு மீட்டர் உயரத்துக்குக் காவிரி நீரை இறைத்து ஏற்றுகிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம் மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். வீட்டுக்குள் போகும் தண்ணீரில் பெரும்பகுதி கழிவுநீராக வெளியே வந்தாக வேண்டும். நகரின் மூன்று பள்ளத்தாக்குகளில் விருஷபாவதி மட்டும்தான் காவிரிப் பக்கம் சாய்கிறது. ஹெப்பாள் பள்ளத்தாக்கும் கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கும் தென்பெண்ணையை நோக்கிச் சாய்கின்றன. ஆகவே காவிரியில் எடுத்த நீரின் கணிசமான பகுதி பெங்களூரில் பயன்பட்டபின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகக் கழிவாக நம் ஆற்றுக்கு வருகிறது. கோடையிலும் கெலவரப்பள்ளிக்கு நீர்வரத்து இருப்பதைப் பார்த்து மகிழ்கிறவர்கள் இதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நகரத்தின் குடிநீர்த் திட்டமும் வீட்டுவசதித் திட்டமும் சேர்ந்து, மழையாறாக இருந்த ஓர் ஆற்றை வற்றாத கழிவாறாக மாற்றிவிட்டன. ஆனால் இந்த மாற்றத்தை யாரும் திட்டமிடவில்லை, எந்த வரைபடத்திலும் அது குறிக்கப்படவும் இல்லை.

சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரியில் 2015இலும் 2017இலும் 2018இலும் தீப்பிடித்தது உலகச் செய்தியாயிற்று. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. 2018 முதல் அந்தப் பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். முயற்சி நடக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். ஆனாலும் எங்கள் வயல் வாய்க்காலில் நுரை வருவது நிற்கவில்லை. கொத்தமல்லியும் கீரையும் போட்ட பாத்தியில் நுரை படிந்து, இலை கருகி, சந்தையில் விலைபோகாமல் திரும்பக் கொண்டுவந்த நாட்கள் எங்கள் வீட்டில் உண்டு. என் அம்மா அந்த வாய்க்கால் தண்ணீரில் கைகால் கழுவுவதை நிறுத்திப் பல ஆண்டுகளாகின்றன.

பெங்களூரின் முழுமைத் திட்டங்களை (மாஸ்டர் பிளான்) ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். 1976இல் பெங்களூரு வளர்ச்சி ஆணையம் அமைந்தது. 1984 திட்டம் நகரைச் சுற்றி ஒரு பசுமை வளையம் வரைந்தது. 1995 திருத்தத்தில் அது சுருங்கியது. 2007இல் ஒப்புதல் பெற்ற திட்டத்தின் இலக்கு ஆண்டு 2015. அதற்கு அடுத்ததாக 2031ஐ நோக்கி எழுதப்பட்ட வரைவு 2017இல் வெளியாகி, 2020இல் திரும்பப் பெறப்பட்டது. கெம்பே கௌடரின் பதினாறாம் நூற்றாண்டு வேலையைவிட இந்தத் தாள்கள் எத்தனையோ மடங்கு துல்லியமானவை. ஆனால் அவற்றில் மாநில எல்லையில் உள்ள அத்திப்பள்ளிக்குத் தெற்கே வெள்ளைத் தாள்தான் இருக்கிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வட்டார அளவில் ஓர் ஆணையம் அமைத்தபோதும் அதன் எல்லை மாநில எல்லையோடு நின்றது. சட்டப்படி அப்படித்தான் நிற்க முடியும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ஓசூரில் வீடு என்று தினமும் பல்லாயிரம் பேர் அந்த எல்லையைக் கடக்கிறார்கள். பொம்மசந்திரம் வரை மெட்ரோ வந்துவிட்டது, அதை ஓசூர் வரை நீட்டுவது பற்றி இரு தரப்பிலும் பேசியிருக்கிறார்கள். மக்களுக்கும் ரயிலுக்கும் எல்லையைக் கடந்து யோசிக்க முடிகிறது என்றால், சாக்கடைக்கு மட்டும் ஏன் முடியவில்லை?

தென்பெண்ணை தொடர்பாகத் தமிழ்நாடு 2018இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அந்த வழக்கு வேண்டியதுதான். ஆனால் வழக்கில் பேசப்படுவது பெரும்பாலும் எத்தனை நீர் என்ற கேள்வி. நான் கேட்பது எப்படிப்பட்ட நீர் என்ற கேள்வி. அதற்கு, பெங்களூரின் அடுத்த முழுமைத் திட்டம் வரையப்படும்போது, கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகமும் நம் நீர்வளத் துறையும் கருத்துச் சொல்லும் இடத்தில் இருந்தாக வேண்டும். தென்பெண்ணைப் படுகை முழுவதையும், நந்திமலை முதல் கிருஷ்ணகிரி அணை வரையாவது, ஒரே தாளில் வரைந்து இரு மாநிலத் திட்டமிடுநர்களும் கையெழுத்திட வேண்டும். நடைமுறையில் கடினம் என்பார்கள். பிளேக் காலத்தில் கண்டோன்மென்டும் மைசூர் அரசும் தனித்தனி ஆட்சிகளாகத்தான் இருந்தன. நோய் எல்லை பார்த்து வருவதில்லை என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

அதே நேரத்தில் கன்னடத்து மக்களைக் குறைசொல்லி இந்தப் பதிவை யாரும் பகிர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாமும் அதே தவறைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். 2019இல் மாநகராட்சியான ஓசூரில் சிப்காட் வளர்ந்திருக்கிறது, 2024இல் விமான நிலைய அறிவிப்பு வந்திருக்கிறது, நிலத்தின் விலை மாதத்துக்கு மாதம் ஏறுகிறது. என் மேசைக்கு வரும் மனைப்பிரிவுகளில் புலப்படத்தை, அதாவது அந்த நிலத்தின் அரசு அளவை வரைபடத்தை, விரித்துப் பார்த்தால், பல சமயங்களில் ஓடைப் புறம்போக்கு ஒன்று ஓரமாகவோ நடுவிலோ ஓடுகிறது. அதைச் சாலையாகக் காட்ட முடியுமா என்றுதான் முதல் கேள்வியே வருகிறது. முடியாது என்று சொன்னதால் வேறிடம் போனவர்கள் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், வேலைக்குப் புதிது என்ற காலத்தில், முடியும் என்று சொல்லி நானே வரைந்து கொடுத்த ஒன்றும் உண்டு. அந்தத் தெருவில் மழை பெய்தால் இன்றும் முழங்கால் அளவு நீர் நிற்கிறது, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குக் குற்றவுணர்வு ஏற்படுகிறது.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் முழுமைத் திட்டம் வரையும் அதிகாரிகளிடம் என் கோரிக்கை ஒன்றே. சாலைகளை வரைவதற்கு முன், தொழிற்பேட்டைகளுக்கு நிறம் தீட்டுவதற்கு முன், ஏரிகளையும் அவற்றின் வரத்துக்கால்வாய்களையும் கோடி வாய்க்கால்களையும் வருவாய்த் துறையின் பழைய நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டின்படி முதலில் வரைந்து, அந்த ஒரு தாளை மட்டும் தனியாக மக்கள் பார்வைக்கு வையுங்கள். ஓசூரின் ராமநாயக்கன் ஏரியிலிருந்து தொடங்கலாம். அதற்கு நீர் வந்த வழிகளில் இன்று எவை மிச்சம், எவை கட்டடத்துக்கு அடியில் என்பதை நேரில் நடந்து குறித்துத்தர நானும் என்னோடு தொழில் செய்யும் நான்கைந்து பேரும் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம். இந்தப் பகுதியின் பழைய புலப்பட நகல்கள் வீட்டில் வைத்திருப்பவர்கள், குறிப்பாக ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர்களும் நில அளவையர்களும், இந்தப் பதிவின்கீழ் ஒரு சொல் எழுதினால் நேரில் வந்து படியெடுத்துக்கொள்கிறேன்.