ஸ்டூலின் மேல் நான்கு அட்டைப்பெட்டிகள்

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் புடவை எடுக்கத் தியாகராய நகர் போயிருந்தோம். கடையின் பெயர் வேண்டாம். எந்தக் கடையாக இருந்தாலும் இதே கதைதான்.

பருத்திப் புடவைப் பிரிவில் எங்களுக்கு எடுத்துக்காட்டிய பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். அம்மா ஒவ்வொரு புடவையாக முந்தானையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பெண் ஒரு காலை மெல்லத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். கொக்கு நிற்பதைப் போல. எனக்கு அது உடனே புரிந்தது. பத்தொன்பது வயதில் தொடங்கி மூன்று வருடம் நானும் இதே ஊரில், இன்னொரு கடையில், அப்படித்தான் நின்றேன்.

அவருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதன் மேல் நான்கு அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள்.

"உட்கார விட மாட்டார்களா?" என்று கேட்டேன்.

"ஸ்டூல் இருக்கிறது அண்ணா," என்று சிரித்துவிட்டுக் கண்ணை மட்டும் மேலே காட்டினார். கூரையில் கேமரா.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவரப்பட்டது. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ என்று ஒரு புதிய பிரிவு. கடை ஊழியர்கள் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ள முடிய வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? நமக்கு முன்னால் கேரளம் 2018இலேயே இதைச் செய்துவிட்டது. அங்கே அது சும்மா வரவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்ற பெண்மணியும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும் முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு நாற்காலி கேட்டார்கள், பல வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இதில் எனக்கு ஆறாத ஒரு விஷயம் உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44ஆவது பிரிவு, நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு உட்கார வசதி வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டது. கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில். அதை நமக்குக் கற்றுக்கொடுத்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரில் 1899லேயே, கடையில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். ஆலைத் தொழிலாளிக்குக் கால் வலிக்கும் என்று 1948இல் தெரிந்த நமக்குக் கடைப்பையனுக்கும் வலிக்கும் என்று தெரிய 73 வருடம் பிடித்திருக்கிறது.

நிற்பதில் அப்படி என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் உடம்புக் கணக்கு. காலுக்கு இறங்கிய இரத்தம் திரும்ப மேலே ஏற வேண்டும். அதை மேலே தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி விரிந்து பம்பு மாதிரி வேலை செய்கிறது. அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் பம்பு நின்றுவிடுகிறது, இரத்தம் காலிலேயே தேங்குகிறது. இரத்தம் கீழே திரும்பாமல் தடுக்க, அதை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்களான சிரைகளுக்குள் ஒருவழிக் கதவு போன்ற வால்வுகள் உண்டு. வருடக்கணக்கில் இந்தப் பாரத்தைத் தாங்கினால் அவை பழுதாகிவிடக்கூடும். சிரை புடைத்து, நெளிந்து, நீலமாகத் தெரியத் தொடங்கும். நம் ஊரில் 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்கிறோம். அது நரம்பே இல்லை, ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. என் இடது காலில் அது இருக்கிறது. ஜவுளிக் கடையில் எனக்குக் கிடைத்தவற்றில் இன்னும் கிழியாமல் இருப்பது அது ஒன்றுதான்.

காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் இரவு பத்துக்குக் கடை எடுத்துவைக்கும்வரை நிற்போம். நடுவில் மெஸ்ஸில் சாப்பிடும் அரைமணி நேரம். மற்றபடி உட்கார ஒரே வழி, குடோனில் சரக்கு எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், பேல் கட்டின் மேல் இரண்டு நிமிடம் சாய்ந்துவிட்டு வருவது. ஒருவர் போய்வந்தால் அடுத்தவர் போவார். எங்களுக்குள் எழுதாத முறை வைத்திருந்தோம். சூப்பர்வைசருக்கும் தெரியும். நல்ல மனநிலையில் இருந்தால் விட்டுவிடுவார், இல்லாவிட்டால், "தம்பி, உனக்கு நிற்பதற்குத்தான் சம்பளம்," என்பார். பெண்கள் பாடு இன்னும் மோசம். ஐந்தாவது மாடியில் இருந்த கழிப்பறைக்கு அனுமதி கேட்டுப் போக வேண்டும் என்பதால் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். சிறுநீர்க் கடுப்பு வந்து ஊருக்குப் போனவர்கள் உண்டு.

வாடிக்கையாளருக்கு முன்னால் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்பார்கள் முதலாளிகள். இது எந்தக் காலத்து மரியாதை? என் சிறுவயதில் திருநெல்வேலியில் தீபாவளித் துணி எடுக்கப் போனால், கடைக்காரர் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். எதிரே நாங்களும் உட்காருவோம். உட்கார்ந்த வாக்கிலேயே புடவையை ஒரு வீசு வீசினால் எங்கள் மடியில் வந்து விரியும். அப்பாவுக்குக் காப்பி வரும். அந்தக் கடையில் மரியாதைக்கு எந்தக் குறைவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மேல் தட்டிலிருந்து எடுத்துப்போடும் பையன் மட்டும் நின்றுகொண்டிருந்தான், அதையும் சொல்லியாக வேண்டும். காஞ்சிபுரத்தில் சில பட்டுக் கடைகளில் இன்றும் பாயில் உட்கார்ந்துதான் வியாபாரம் நடக்கிறது. மெத்தை போய், இடுப்புயரக் கண்ணாடி மேசையும் பளிங்குத் தரையும் வந்த பிறகு, வாடிக்கையாளருக்கு நாற்காலி மிஞ்சியது, விற்பவருக்கு இரண்டு கால் மிஞ்சியது. அதற்குப் பிறகு கண்டுபிடித்த மரியாதை இது.

இன்னொரு பக்கம், இப்போது நான் கணக்கு எழுதும் அலுவலகத்தில் முதுகுக்கு ஏற்ற நாற்காலி, கண் மட்டத்தில் திரை, மணிக்கொரு முறை எழுந்து நடக்கச் சொல்லும் மின்னஞ்சல் என்று உபசாரம் தடபுடலாக நடக்கிறது. நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தாலும் உடம்பு கெடும். ஆனால் பணியிட நலம் என்று யார் பேசினாலும் இந்த நாற்காலியைப் பற்றியே பேசுகிறார்கள். அதே தெருமுனைக் கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர் அந்தப் பேச்சில் எங்குமே வருவதில்லை.

சட்டத்தின் மேல் எனக்குள்ள குறை அந்த 'வாய்ப்பு' என்ற சொல்தான். உட்கார வாய்ப்பு வந்துவிட்டது என்று யார் முடிவு செய்வது? கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானம்கூட, "புடவையை மடித்து அடுக்கு" என்று ஒரு வேலை கொடுத்துவிட்டால் வாய்ப்புப் போய்விட்டது. ஸ்டூல் இருக்கிறதா என்று ஆய்வாளர் வந்து எண்ணினால் கணக்குச் சரியாக இருக்கும். இத்தனை மணி நேரத்துக்கு இத்தனை நிமிடம் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று சாப்பாட்டு இடைவேளை மாதிரி எழுதி வைத்திருந்தால் அந்தப் பெண் கேமராவைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. நின்றுதான் ஆக வேண்டும் என்ற இடத்தில் காலடியில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பு, ஒரு காலைத் தூக்கி வைக்க ஒரு சிறு பலகை. ஒரு நாள் விளம்பரச் செலவில் முடிந்துவிடும் காரியம்.

அம்மா இரண்டு புடவை எடுத்தார். "நீ உட்கார்ந்து காட்டு தாயி, எனக்கு ஒன்றும் அவசரமில்லை," என்று இரண்டு முறை சொன்னார். அந்தப் பெண் இரண்டு முறையும் சிரித்தார், உட்காரவில்லை.

கல்லாவில் பில்லோடு ஒரு கருத்துச் சீட்டுக் கொடுத்தார்கள். 'ஊழியர்கள் நன்றாகக் கவனித்தார்களா?' என்று கேட்டிருந்தது. மிக நன்றாகக் கவனித்தார், உட்கார்ந்துகொண்டே கவனித்திருந்தாலும் எங்களுக்குக் குறையில்லை, ஸ்டூலின் மேல் உள்ள பெட்டிகளை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். கீழே எந்தப் பிரிவு, யார் கவனித்தார் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. பேனாவைக் கொண்டுபோய்விட்டு நிறுத்திக்கொண்டேன். இரண்டையும் காலியாக விட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டேன்.